வேகமாத் தள்ளுடா!

வாழ்க்கையில் ஒரு தடவைகூட ராட்டினம் சுற்றாதவர்கள் கை தூக்குங்கள்.

யாரும் தூக்க மாட்டீர்கள் என்று தெரியும். தலை சுற்றும், வாந்தி வரும் என்று பயந்தவர்கள்கூட அப்பாவின் சட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு சவாரியாவது போயிருப்பீர்கள். எந்த ஊர், என்ன திருவிழா, எவ்வளவு காசு, எந்தக் குதிரை என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வீர்கள்.

சரி, அந்த ராட்டினத்தைத் தள்ளியவர் முகம் ஞாபகம் இருக்கிறதா?

எனக்கு இருக்கிறது. 35 வருஷத்துக்கு மேலாக இருக்கிறது. அதுதான் தொந்தரவு.

எனக்குச் சொந்த ஊர் பென்னாகரம். தர்மபுரியிலிருந்து ஒகேனக்கல் போகிற பஸ்ஸில் பாதிப் பேர் தூங்கிக்கொண்டே தாண்டிப் போகிற ஊர். 2010 இடைத்தேர்தலின்போது டி.வி.க்காரர்கள் புண்ணியத்தில் கொஞ்ச நாள் தமிழ்நாடு முழுக்கப் பேர் தெரிந்தது. அப்புறம் பழையபடி ஆகிவிட்டது. மானாவாரி பூமி. மழை வந்தால் கேழ்வரகு, நிலக்கடலை. வராவிட்டால் பெங்களூர் பஸ், திருப்பூர் பஸ்.

அந்த ஊருக்குத் திருவிழா சமயத்தில் குடை ராட்டினம் வரும். நடுவில் ஒரு ஆள் கட்டிப்பிடிக்கிற பருமனில் மரக் கம்பம். உச்சியிலிருந்து விரித்த குடை மாதிரி கம்பிகள். மேலே சாயம் போன தார்ப்பாய். கம்பி முனைகளில் நாலு குதிரை, ஒரு யானை, ஒரு சிங்கம், கைக்குழந்தையோடு வரும் அம்மாக்களுக்காக இரண்டு பெட்டி. சிங்கம் கொஞ்சம் நாய் மாதிரிதான் இருக்கும். செய்த ஆசாரி சிங்கத்தைப் பார்த்ததில்லை போல. இருப்பதிலேயே கிராக்கி வெள்ளைக் குதிரைக்குத்தான்.

மோட்டார் எல்லாம் கிடையாது. கம்பத்துக்கும் குதிரைகளுக்கும் நடுவே இருக்கிற இடைவெளியில் இரண்டு மூன்று பேர் நின்று, ஆளுக்கொரு கம்பியைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே ஓட வேண்டும். சவாரி நாலணா. (அந்த நாலணாவே 2011 ஜூன் மாதத்தோடு செல்லாமல் போய்விட்டது.) காசு இல்லாத பையன்களுக்கு ஒரு ஏற்பாடு உண்டு. ஐந்து சவாரிக்குத் தள்ளிக் கொடுத்தால் ஒரு சவாரி ஓசி. ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது நானும் தள்ளியிருக்கிறேன். செம ஜாலியாக இருக்கும். மூன்று சவாரி தள்ளிவிட்டு, பஞ்சுமிட்டாய்க்காரன் மணிச் சத்தம் கேட்டு ஓடிப்போன நாளும் உண்டு.

அடுத்த வருஷம். 1988 என்று நினைக்கிறேன். ஆறாம் வகுப்பு. என் பெஞ்சில் இரண்டு பேர் தள்ளி ஒருவன் உட்காருவான். பெயர் வேண்டாம், அவன் இந்தப் பக்கத்தைப் படிக்கலாம். கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரன். அரைப் பரீட்சைக்கு அப்புறம் அவன் வரவில்லை. அப்பா கட்டட வேலைக்குப் பெங்களூர் போனார், இவனையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார் என்று சொன்னார்கள். ஆறாம் வகுப்புப் பையன்களுக்கு ஒரு ஆள் காணாமல் போவது பெரிய விஷயம் இல்லை. பெஞ்சில் கொஞ்சம் இடம் கிடைத்தது, அவ்வளவுதான்.

திருவிழா வந்தது. மாமா கொடுத்த எட்டணா கையில். ஓடிப்போய் வெள்ளைக் குதிரையைப் பிடித்துவிட்டேன். உட்கார்ந்து கம்பியைப் பிடித்து நிமிர்ந்தால், உள்பக்கத்தில் என் முழங்காலுக்கு நேரே அவன் தலை. என் குதிரையின் கம்பியைத்தான் அவன் பிடித்திருந்தான். தள்ளுகிறவனும் சேர்ந்தே சுற்றுவதால், சவாரி முழுக்க அவன் எனக்குப் பக்கத்திலேயேதான் ஓடினான். என்னைப் பார்த்தான். நானும் பார்த்தேன். சிரித்தோமா என்று ஞாபகம் இல்லை.

ராட்டினம் வேகம் எடுத்தது. காது இரண்டிலும் காற்று. அப்போதுதான் கத்தினேன்: "வேகமாத் தள்ளுடா!"

அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. வேகமாகத் தள்ளினான்.

அவ்வளவுதான் சம்பவம். அவன் அழவில்லை, நான் மன்னிப்புக் கேட்கவில்லை, யாரும் கீழே விழவில்லை. அடுத்த சவாரிக்கு எனக்கு இன்னொரு நாலணா இருந்தது. நான் போகவில்லை. ஏன் போகவில்லை என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. மீதிக் காசுக்குப் பொரி உருண்டை வாங்கித் தின்றேன்.

நான் பி.காம். படித்தவன். எதையும் வரவு, செலவு என்று இரண்டு பத்தியாகப் பிரித்துப் பார்க்கிற வியாதி உண்டு. அப்படிப் பார்த்தால் இதில் ஒரு தப்பும் இல்லை. நாலணா கொடுத்தேன், சவாரி வாங்கினேன். ராட்டினக்காரர் அந்த நாலணாவில் கொஞ்சத்தை அவனுக்குக் கூலியாகக் கொடுத்திருப்பார். கணக்கு நேர். காசு கொடுத்தவன் வேகம் கேட்பது நியாயம்தானே? ஹோட்டலில் உட்கார்ந்து "சாம்பார் சூடா கொண்டு வாப்பா" என்று கேட்பதில்லையா?

ஆனால் அந்த 'டா' மட்டும் எந்தப் பத்தியிலும் உட்கார மாட்டேன் என்கிறது. வகுப்பில் ஒரு நாளைக்கு நூறு தடவை அவனை 'டா' போட்டிருக்கிறேன், அவனும் என்னைப் போட்டிருக்கிறான். அது சிநேகிதம். குதிரைமேல் உட்கார்ந்து நான் சொன்னதும் அதே 'டா'தான், அதே குரல்தான். கீழே நின்றவனுக்கு அதைத் திருப்பிச் சொல்ல முடியாது. அன்றைக்கு அது உத்தரவாக மாறியிருந்தது. மாற்றியது எது? தரையிலிருந்து மூன்றடி உயரம். ஒரு நாலணா.

இந்த ராட்டினம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தபோது, இந்த உயரமும் பள்ளமும் ஆரம்பத்திலிருந்தே அதில் இருப்பது தெரிந்தது. இங்கிலீஷில் 'கேரசல்' என்கிறார்களே, அந்த வார்த்தைக்கு மூலம் இத்தாலி, ஸ்பெயின் பக்கத்து வார்த்தை. அர்த்தம் 'குட்டிச் சண்டை'. குதிரை வீரர்களின் போர்ப் பயிற்சி விளையாட்டு அது. ஓடுகிற குதிரைமேல் இருந்தபடி, தொங்கவிட்ட வளையத்தை ஈட்டியால் குத்தி எடுக்க வேண்டும். 1662ல் பிரான்ஸ் ராஜா பதினான்காம் லூயி பாரீஸில் இதைப் பிரமாண்டமாக நடத்தினார். நடந்த இடத்துக்கு இன்றும் அந்தப் பெயர்தான். பிரபுக்கள் பழகிக்கொள்வதற்காக ஒரு கம்பத்தைச் சுற்றி மரக் குதிரைகளைக் கட்டிச் சுழற்றினார்கள். அதைப் பார்த்துப் பெண்களும் குழந்தைகளும் ஏறிக்கொண்டார்கள். போர்ப் பயிற்சி திருவிழாச் சாமான் ஆனது இப்படித்தான்.

சுழற்றியது யார்? வேலைக்காரர்கள். இல்லாவிட்டால் கோவேறு கழுதை, குதிரை. யோசித்துப் பாருங்கள்... உயிருள்ள குதிரை கீழே செக்கு மாடு மாதிரி சுற்றி வர, அதன் புண்ணியத்தில் மரக் குதிரை மேலே நாலு கால் பாய்ச்சலில் போகிறது!

இதில் என்னை உலுக்கியது ஜெர்மனி ராட்டினம்தான். ஃபிராங்ஃபர்ட்டுக்குப் பக்கத்தில் ஹனாவ் என்ற ஊர். அங்கே வில்ஹெல்ம்ஸ்பாட் பூங்காவில் 1780ல் கட்டிய ராட்டினம் இன்னும் இருக்கிறது. உலகத்திலேயே பழையவற்றில் ஒன்று. பல காலம் ஓடாமல் கிடந்ததைப் பழுது பார்த்து 2016ல் மறுபடி சுற்ற விட்டார்கள். கட்டியவர் கான்க்ரின் என்ற கட்டடக் கலைஞர். கட்டச் சொன்னவர் இளவரசர் வில்ஹெல்ம். ஊர்ப் பிள்ளைகளைச் சிப்பாய்களாக்கி, அமெரிக்காவில் சண்டை போடுவதற்குப் பிரிட்டனிடம் வாடகைக்கு விட்டுச் சம்பாதித்த ஆள். அந்த வரவு எந்தப் பத்தியில் எழுதப்பட்டிருக்கும் என்று தெரியவில்லை.

அதன் அமைப்பு இப்படி. ஒரு சின்ன மேடு. மேட்டின்மேல் தூண்களோடு கோயில் மாதிரி வட்டமான மண்டபம். மண்டபத்துக்குள் குதிரைகளும் வண்டிகளும். பார்ப்பவர்களுக்கு அது தானாகவே சுற்றுகிற மாதிரி இருக்கும். சுற்ற வைக்கிற இயந்திர ஏற்பாடு முழுக்க மேட்டுக்கு அடியில், தரைக்குக் கீழே, யார் கண்ணிலும் படாத அறையில்!

கட்டடக்கலை என்று பார்த்தால் அற்புதம். எனக்கென்னவோ, அடியில் இருட்டில் இருந்துகொண்டு மேலே கேட்கிற சிரிப்புச் சத்தத்தை வைத்துத்தான் பகலா ராத்திரியா என்று தெரிந்துகொண்டிருப்பார்கள் என்று தோன்றியது. என் நண்பன் குறைந்தபட்சம் என் முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்தான்.

1860களில் இங்கிலாந்தில் நீராவி வந்தது. கிங்ஸ் லின் ஊர்க்காரர் ஃபிரெடரிக் சாவேஜ் என்பவர் ராட்டினத்தின் நடுவில் நீராவி இன்ஜினை வைத்துப் பெரிய தொழிலாகவே செய்தார். குதிரை மேலும் கீழும் துள்ளுகிற தந்திரமும் பின்னால் வந்தது. குதிரையின் காலில் ஒன்றும் இல்லை, எல்லாம் கூரையில்தான். கூரைக்கு அடியில் வளைந்த இரும்புத் தண்டு ஒன்று படுத்த வாக்கில் இருக்கும். ராட்டினம் சுற்றும்போது பல்சக்கரம் அந்தத் தண்டையும் சுழற்றும். தண்டின் வளைவில் மாட்டிய பித்தளைக் கம்பி ஏறி இறங்க, அதில் கோத்த குதிரையும் ஏறி இறங்கும். பழைய குதிரைகளின் உடம்பு பெரும்பாலும் உள்ளே கூடு. பலகைகளை ஒட்டிச் செதுக்கியது. சிலவற்றுக்கு வால் மட்டும் நிஜக் குதிரை மயிர்!

இங்கிலாந்து ராட்டினம் கடிகார முள் மாதிரி வலமாகச் சுற்றும், அமெரிக்காவில் இடமாக. குதிரைக்கு இடப்பக்கத்திலிருந்து ஏறுவதுதான் வழக்கம் என்பதால் இங்கிலாந்தில் அப்படி என்கிறார்கள். அமெரிக்காவில் ஓரத்துக் குதிரையில் இருப்பவர் வலது கையை நீட்டிப் பித்தளை வளையம் பிடிக்க வேண்டும் என்பதால் இப்படியாம். பழைய ஈட்டி விளையாட்டின் மிச்சம். அங்கே மார்த்தாஸ் வின்யார்ட் தீவில் 1876ல் செய்த ராட்டினம் ஒன்று இருக்கிறது. பித்தளை வளையம் மாட்டினால் ஒரு சுற்று ஓசி. எங்கள் ஊரில் ஐந்து சவாரி தள்ளினால் ஓசி. அவரவர் வசதி.

இன்னொரு விஷயம். பழைய ராட்டினக் குதிரைகளுக்கு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்காது. வேடிக்கை பார்க்கிற கூட்டத்துக்குத் தெரிகிற வெளிப்பக்கத்தில்தான் பிடரி மயிர், கண்ணாடிக் கல், பூ வேலைப்பாடு, சேணம் எல்லாம். கம்பத்தைப் பார்த்த உள்பக்கம் சாதாரணமாக இருக்கும். வேலையும் கம்மி, பெயின்ட்டும் கம்மி. யார் பார்க்கப் போகிறார்கள் என்ற கணக்கு!

ராட்டினத்தை வைத்து இன்னொரு கதை உண்டு. அமெரிக்காவில் பால்டிமோர் பக்கத்தில் க்வின் ஓக் பார்க் என்றொரு பொழுதுபோக்குப் பூங்கா. கறுப்பர்களுக்கு அனுமதி இல்லை. வருஷக்கணக்கில் போராட்டம். 1963 ஜூலையில் நூற்றுக்கணக்கானவர்கள் கைதானார்கள். அதில் பாதிரியார்கள் இருந்தார்கள், யூத குருமார்கள் இருந்தார்கள். கடைசியில் பூங்கா இறங்கி வந்தது. 1963 ஆகஸ்ட் 28 அன்று எல்லோருக்கும் கதவு திறந்தது. வாஷிங்டனில் மார்ட்டின் லூதர் கிங் தன் கனவைப் பற்றிப் பேசினாரே, அதே நாள். அன்று அந்த ராட்டினத்தில் ஏறிய முதல் கறுப்பினக் குழந்தை ஷேரன் லாங்லி. வயது 11 மாதம். பக்கத்தில் அப்பா பிடித்துக்கொள்ள, குதிரைமேல் உட்கார்ந்து சுற்றியது. 1972ல் வெள்ளம் வந்து பூங்கா மூடப்பட, ராட்டினம் மட்டும் பிழைத்து 1981ல் வாஷிங்டனின் நேஷனல் மாலுக்குப் போனது.

படிக்கும்போதே கண் கலங்குகிறது இல்லையா? எனக்கும்தான். ஆனால் கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது. அங்கே தப்பு எது என்பது பளிச்சென்று தெரிந்தது. ஒரு கதவு, கதவில் ஒரு விதி. விதியை எடுத்தார்கள், கதவு திறந்தது. (நம்மூரில் சில தெருக்களில், சில கோயில் வாசல்களில் அந்தக் கதவு இன்னும் ஒருக்களித்துத்தான் இருக்கிறது. அதைத் தனியாக எழுத வேண்டும்.) என் நண்பனை யாரும் கதவுக்கு வெளியே நிறுத்தவில்லை. அவன் ராட்டினத்துக்கு உள்ளேதான் இருந்தான். எல்லோரையும்விட உள்ளே. அங்கே எந்தக் கதவைத் திறப்பது?

சட்டம் என்ன சொல்லியது? குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது 1986ல். ஆனால் அது பட்டியல் போட்டுச் சில தொழில்களை மட்டும் தடுத்தது. 14 வயதுக்குக் கீழே எந்த வேலைக்கும் வைக்கக் கூடாது என்று சட்டம் திருத்தப்பட்டது 2016ல்தான். அதிலும் குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போக ஒத்தாசை செய்யலாம் என்பது போலச் சில விலக்குகள். ஆக, 1988ல் அவன் தள்ளியதில் போலீஸ் வந்து கேட்க ஒன்றும் இருந்திருக்காது. சட்டம் இல்லாவிட்டால் தப்பும் இல்லையா என்று கேட்டால் எங்கள் ஆடிட்டர் சிரிப்பார்.

சரி, தள்ளுவதையே விளையாட்டாக மாற்றிவிட்டால்? அதையும் செய்து பார்த்தார்கள். தென்னாப்பிரிக்காவில் 'ப்ளே பம்ப்' என்று ஒன்று வந்தது. கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் இரும்பு ராட்டினம். பிள்ளைகள் சுற்றச் சுற்ற, கீழே போர்வெல்லிலிருந்து தண்ணீர் ஏறித் தொட்டியில் நிறையும். என்ன அருமையான யோசனை! ஏறுகிறவனும் தள்ளுகிறவனும் ஒரே ஆள்! 2000ல் உலக வங்கிப் பரிசு கிடைத்தது. 2006ல் அமெரிக்காவில் 1 கோடியே 64 லட்சம் டாலர் அறிவித்தார்கள். 2010க்குள் 4,000 பம்ப் என்று இலக்கு.

தோற்றுப் போனது. 2009ல் லண்டன் கார்டியன் பத்திரிகை ஒரு கணக்குப் போட்டது. ஒரு பம்ப் இத்தனை பேருக்குத் தண்ணீர் தரும் என்று சொல்லியிருந்த இலக்கை எட்ட, பிள்ளைகள் ஒரு நாளைக்கு 27 மணி நேரம் விளையாட வேண்டும்! நாளுக்கு 24 மணிதான் என்பதை யாரும் கவனிக்கவில்லை. பிள்ளைகள் கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு ஓடிவிட்டார்கள். பிள்ளைகள் என்றால் அப்படித்தான். ஆனால் அடுப்பில் உலை வைக்க வேண்டுமே? அப்புறம் குடத்தோடு வந்த பெண்கள் அந்தப் பிள்ளைகள் ராட்டினத்தைக் குனிந்து குனிந்து சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

இதைப் படித்தபோதுதான் என் பஞ்சுமிட்டாய் ஞாபகம் வந்தது. ஐந்தாம் வகுப்பில் நான் தள்ளியதும் அதே ராட்டினம், அதே கம்பி, கையில் அதே துரு. ஆனால் நான் மூன்றாவது சவாரியில் விட்டுவிட்டு ஓடலாம். ஆறாம் வகுப்பில் அவன் ஓட முடியாது. விளையாட்டுக்கும் வேலைக்கும் வேறு வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

ஒருநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நடுக் கம்பத்திலிருந்து நாலடி தள்ளி நின்று ஓடினால் ஒரு சுற்றுக்கு 25 அடி. சவாரிக்கு 20 சுற்று, 500 அடி. ஒரு ராத்திரிக்கு 100 சவாரி என்று வையுங்கள். 50,000 அடி, அதாவது 15 கிலோமீட்டர். பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் அருவிக்கு ஏறக்குறைய அவ்வளவு தூரம்தான். பதினோரு வயசுப் பையன் ஒரு ராத்திரியில் அருவிவரை ஓடியிருக்கிறான், மாரியம்மன் கோயில் வாசலைவிட்டு நகராமலே.

"அதுக்காக ராட்டினமே சுத்தக் கூடாதுங்கறீங்களா சார்?" என்று நீங்கள் கேட்பது கேட்கிறது. அப்படிச் சொல்லவில்லை. அன்றைக்கு எல்லோரும் மனசு கேட்காமல் இறங்கிப் போயிருந்தால் அவனுக்குக் கூலியும் போயிருக்கும், ராத்திரிச் சாப்பாடும் போயிருக்கும். என் நல்ல மனசுக்கு அவன் பட்டினி கிடக்க வேண்டுமா? ஏறாமல் இருப்பது ரொம்பச் சுலபமான புண்ணியம். இரண்டாவது நாலணாவுக்கு நான் பொரி உருண்டை தின்றேனே, அதனால் அவனுக்கு என்ன லாபம்?

மோட்டார் வந்ததும் இந்தக் கேள்வி தீர்ந்துவிட்டது என்றும் சொல்ல முடியவில்லை. மெரினா மணலில் கையால் சுற்றுகிற சின்ன ராட்டினங்களைப் பார்த்திருப்பீர்கள். தீவுத்திடல் பொருட்காட்சியில் ஸ்விட்ச் போட்டால் சுற்றுகிறவற்றையும் பார்த்திருப்பீர்கள். முதலாவதில் தள்ளுகிறவர் பக்கத்தில் இருக்கிறார். இரண்டாவதில் எங்கேயோ இருக்கிறார். பத்து நிமிஷத்தில் வாசலுக்கு வருகிற பால் பாக்கெட்டை யோசியுங்கள். போனில் ஒரு புள்ளி நகர்கிறது, 'இன்னும் 3 நிமிடம்' என்கிறது. நாம் யாரையும் பார்த்து "வேகமாத் தள்ளுடா" என்று கத்துவதில்லை. அதைச் சொல்லத்தான் போனில் ஆப் இருக்கிறதே. ஹனாவ் இளவரசர் மேட்டுக்கு அடியில் அறை கட்டினார். நாம் அவ்வளவு செலவு செய்யத் தேவையில்லை.

ஒகேனக்கல்லில் பரிசல் போயிருக்கிறீர்களா? நடு ஆற்றில் பரிசல்காரர் துடுப்பை ஒரு பக்கமாகவே போட்டுப் பரிசலைக் கிறுகிறுவென்று சுற்றிக் காட்டுவார். என் மகள் வீறிட்டுச் சிரித்தாள். "உங்களுக்குத் தலை சுத்தாதாண்ணே?" என்று நான் கேட்டேன். "பழகிடுச்சுங்க. ஆனா சோறு தின்ன கையோட சுத்த மாட்டேன், எனக்கே கொமட்டும்" என்றார். அவரும் அதே பரிசலில், அதே வட்டத்தில். அவருக்குக் குமட்டினால் நமக்கும் சவாரி இல்லை. எனக்குப் பிடித்த ராட்டினம் இப்போதைக்கு அதுதான்.

அந்த ஒகேனக்கல் பயணத்தில்தான் அவனைப் பார்த்தேன். திரும்பும்போது பென்னாகரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் டீ குடிக்க நிறுத்தினோம். டாடா ஏஸ் வண்டியிலிருந்து இறங்கி வந்தவர் என்னை இரண்டு தடவை பார்த்தார். நானும் பார்த்தேன். தக்காளி லோடு அடிக்கிறானாம். சொந்த வண்டி. பெரிய பெண் நர்ஸிங் படிக்கிறாளாம்.

"பத்திரிகையில எழுதறீங்களாமே, பசங்க சொன்னாங்க. நல்லா இருக்கீங்களா சார்?" என்றான்.

"டேய், என்னடா சார், நீங்கன்னு?" என்றேன். சிரித்தான். மாற்றிக்கொள்ளவில்லை.

சும்மா இருக்க என்னால் முடியாது. ராட்டினத்தை ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். வெள்ளைக் குதிரையில் நான் உட்கார்ந்ததை, கத்தியதை, எல்லாவற்றையும் சொன்னேன். 35 வருஷமாகச் சேர்த்து வைத்த பாரத்தை டீக்கடை வாசலில் இறக்கினேன். அவன் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டான்.

"அப்படியா? எனக்கு ஞாபகம் இல்லீங்க. ஒரு நாளைக்கு நூறு பேர் கத்துவான். எல்லாரும் 'வேகமா'ன்னுதான் கத்துவான். 'மெதுவா'ன்னு எவன் கத்துவான்?"

எனக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. மன்னிப்பு கிடைத்ததா, அதற்கு விண்ணப்பமே போய்ச் சேரவில்லையா?

"ஆனா ஒண்ணு, அது நல்ல வேலைங்க" என்றான். "பெங்களூர்ல மண்ணு தூக்கினதுக்கு இது எவ்வளவோ தேவலாம். ராத்திரி பன்னெண்டு, பன்னெண்டரைக்குக் கூட்டம் போயிடும். முதலாளி தூங்கிடுவாரு. அப்புறம் நாங்க மூணு பேரும் சுத்துவோம். ரெண்டு பேரு ஏறுவான், ஒருத்தன் தள்ளுவான். அப்புறம் மாத்திக்குவோம். விளக்கு எல்லாம் அணைச்சிட்டு, நிலா வெளிச்சத்துல. வாய் திறக்கக் கூடாது, முதலாளி முழிச்சுக்குவாரு. சத்தமே இல்லாம சுத்துவோம்."

மகள் வண்டியிலிருந்து ஹாரன் அடித்தாள். டீக்குக் காசு கொடுக்கப் போனேன், அவன் முந்திக்கொண்டான். வண்டியில் ஏறப் போனவன் திரும்பி வந்தான்.

"அந்தக் குதிரைங்களுக்கு உள்பக்கம் பெயின்ட்டே கெடையாது, தெரியுமா? வெறும் கட்டை. அதுல ஆணியால என் பேரு எழுதி வெச்சிருந்தேன். மூணு எழுத்து எழுதறதுக்குள்ள முதலாளி பாத்துட்டாரு."

"எந்தக் குதிரையில?"

"நீ உட்கார்ந்திருந்தியே, அந்த வெள்ளைக் குதிரையிலதான்" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினான்.